முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு

ஆத்தா, தம்பி, மகளும் மகனுமான உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் தம்பி அறிவியல் நோட்டில் இதயப் படம் வரைந்துகொண்டிருந்தான். பாதிக்குச் சிவப்பு, பாதிக்கு நீலம் என்று வண்ணம் அடித்துவிட்டு, "அப்பா, இந்த நீலம் கால்ல இருந்து மேல போகுதுல்ல, அது எப்படிப்பா ஏறும்? கால்ல மோட்டாரா இருக்கு?" என்று கேட்டான். "வேலை கெடக்குய்யா, அப்புறம் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதிலும் தெரியும். அதைத் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அம்மா காலில் வந்த புண் ஏன் அவ்வளவு பெரிசாச்சு என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், "நின்னே வேலை பாக்குறா, அதான்" என்று சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி இது. நான் பத்தாவது வரைதான் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் ஆத்தா திருத்திக்கொள்ளட்டும்.

நம் திராட்சைப் பந்தலின் உயரம் உங்களுக்குத் தெரியும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால்தான் கொத்து எட்டும். கொத்தில் நெருக்கமாக இருக்கிற பிஞ்சைக் கத்தரியால் வெட்டிவிடும் நாட்களில், காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை அப்படியேதான் நிற்க வேண்டும். அம்மா அந்த வேலையில் கெட்டிக்காரி. கூலிக்கு வருகிறவர்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவள் ஒன்றேகால் வரிசை முடித்திருப்பாள். கை மேலே, கால் ஒரே இடத்தில்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வேலைக்கு வந்த பெண்கள் பந்தல் நிழலில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் கல்தூணில் சாய்த்து மேலே தூக்கி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். ஆளுக்கு ஒரு தூண். அரைமணி நேரம் அப்படிக் கிடந்தால் சாயங்காலம் வரை நிற்கலாம் என்பார்கள். அம்மா மட்டும் படுக்க மாட்டாள். "வேலைக்கு வந்தவுக முன்னால காலைத் தூக்கிட்டுக் கெடக்கவா?" என்பாள். அந்த அரைமணி நேரமும் வெட்டிய கொத்துக்களைப் பார்த்துக்கொண்டு நின்றுகொண்டேதான் இருப்பாள்.

இரண்டு மூன்று வருடமாகவே அவளுக்குச் சாயங்காலம் ஆனால் பாதம் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். கெண்டைக்காலில் பச்சை நிறத்தில் நரம்பு சுருண்டு சுருண்டு தெரியும். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் கறுத்துப்போய் அரிப்பெடுக்கும். அந்த இடத்தில் ஒரு நாள் கவாத்து பண்ணி வெட்டிப் போட்ட கொடிக்குச்சி கீறிவிட்டது. சின்னக் கீறல். மஞ்சள் வைத்தாள், மருந்துக்கடைக் களிம்பு வைத்தாள். ஒரு மாதம் ஆனது. கீறல் எட்டணாக் காசு அளவுக்கு ஆனது. ஆறவில்லை. நீர் வடிந்துகொண்டே இருந்தது.

இங்கேதான் நான் வருகிறேன்.

விதையில்லாத ரகத்துக்கு நான் ஒரு வேலை செய்வேன், பார்த்திருப்பீர்கள். கொடியின் தண்டில் விரல் அகலத்துக்குக் கூடக் குறைவாக, மேல்பட்டையை மட்டும் வளையமாகச் சீவி எடுத்துவிடுவது. இலையில் உண்டாகிற சத்து பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். வழியில் பட்டை இல்லையென்றால் அது இறங்க முடியாமல் மேலேயே தங்கிப் பழம் திரளும். கொஞ்ச நாளில் பார்த்தால் வளையத்துக்கு மேலே தண்டு தடித்திருக்கும், கீழே அப்படியே இருக்கும். இருபது வருடமாக என் கண் பார்த்துப் பழகிய காட்சி அது.

அம்மாவின் பாதம் வீங்கிக் கிடப்பதைப் பார்த்தபோது எனக்கு அதுதான் தோன்றியது. ரத்தம் மேலே நெஞ்சில் இருந்து இறங்கி வருகிறது. இறங்கி இறங்கிப் பாதத்தில் தேங்குகிறது. அதனால்தான் புண் காயவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டுப் போட்டுவிட்டால், வருவது அங்கேயே நின்றுவிடும், பாதம் வற்றும், புண் காயும். எனக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒருத்தரிடமும் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

கொடி கட்டுவதற்காகச் சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து வைத்திருப்போமே, அதில் ஒன்றை எடுத்தேன். ஒரு நாள் காலையில் அவளை மோட்டார் ரூம் படியில் உட்கார வைத்து, முழங்காலுக்கு நாலு விரல் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போட்டேன்.

"இறுக்கமா இருக்குங்க."

"இறுக்கமா இருந்தாத்தான புள்ள நிக்கும்."

"எது நிக்கும்?"

"ரத்தம். அங்கன நின்னுரும், கீழ வராது. நீ சாயங்காலம் பாரு."

அவள் சிரித்தாள். "திராட்சைக் கொடிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியலையாக்கும் உங்களுக்கு" என்றாள். சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் பாதம் முன்னைவிட வீங்கியிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கட்டு பத்தவில்லை என்று நினைத்தேன். மறுநாள் மூன்று சுற்றுச் சுற்றினேன். அதற்கு மறுநாள் கால்விரல்கள் நீலம் பாரித்தன. புண்ணிலிருந்து வடிந்த நீர் சேலை ஓரத்தை நனைத்தது. ஐந்தாம் நாள் எட்டணா அளவுப் புண் உள்ளங்கையில் பாதியாகிவிட்டது. ஐந்து நாளும் அவள் ஒரு முறைகூடத் தானாக அதை அவிழ்க்கவில்லை. பிறகு ஏன் என்று கேட்டேன். "நீங்கதான கட்டிவிட்டீக" என்றாள்.

ஆறாம் நாள் அவளால் செருப்புப் போட முடியவில்லை. கட்டை அவிழ்த்து மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டு, ஓடைப்பட்டியில் இருந்து பஸ் ஏறித் தேனிக்குக் கூட்டிப்போனேன். ஆத்தா அப்போது விடுதியில் இருந்தாள். தம்பி பள்ளிக்கூடம் போயிருந்தான்.

அல்லிநகரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுக்கு மேல் இருக்காது. அம்மாவின் காலை முக்காலியில் வைத்துப் பார்த்ததும் அவர் கண் புண்ணுக்குப் போகவில்லை, முழங்காலுக்குக் கீழே போனது. டியூப் நாடா பதிந்த தடம் இன்னும் சிவப்பாக வளையம் போட்டிருந்தது.

"இது என்னம்மா? யார் கட்டினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "நாந்தேன் டாக்டர். வீங்காம இருக்கும்னு கட்டுனேன்."

டாக்டரம்மா கோபப்பட்டார். சத்தம் போடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் உறைக்கும்படி சொன்னார். "இன்னும் ஒரு வாரம் இப்படி வச்சிருந்தீங்கன்னா புண் எலும்பு வரைக்கும் போயிருக்கும். கால் உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"வேணும் டாக்டர்" என்றாள் அம்மா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைமாதிரி.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "நான்தான் கட்டினேன்" என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த உடம்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி, நீ வரைந்தாயே, அதே படம். சிவப்பும் நீலமும். உன் நோட்டைப் பார்த்ததும் நான் எழுந்து போனது அதனால்தான்.

டாக்டரம்மா பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து, முனையில் பசை தடவி, அம்மாவின் பாதத்தின் மேல் வைத்தார். அதிலிருந்து சத்தம் வந்தது. புசுக், புசுக், புசுக் என்று ஒரே சீராக. "இதயம் தள்ளி விடுற ரத்தம் இது. நல்லா வந்து சேருது. போறதுல குறை இல்ல" என்றார். பிறகு அதை முழங்காலுக்குப் பின்னால் வைத்தார். சத்தமே இல்லை. கெண்டைக்காலைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கினார். காற்று அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. கையை விட்டார். மறுபடி அதே காற்றுச் சத்தம், இன்னும் நீளமாக.

"முதல் சத்தம் ரத்தம் மேல ஏறினது. ரெண்டாவது சத்தம் வரவே கூடாது. ஏறினது திரும்பக் கீழ விழுது. நடுவுல நடுவுல வால்வு இருக்கும், ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு மாதிரி. உங்களுக்கு அது தேஞ்சு போச்சு."

எனக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "ஃபுட் வால்வு போன மாதிரிங்களா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. கிணற்றில் விடுகிற குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கும், அது கெட்டால் மோட்டாரை நிறுத்தினதும் குழாயில் ஏறிய தண்ணீர் எல்லாம் திரும்பக் கிணற்றுக்கே போய்விடும் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அதேதான். நீங்க சொன்னதுதான் சரியா இருக்கு" என்றார். புண்ணைப் பற்றிப் பேச வாய் வராதவனுக்கு மோட்டாரைப் பற்றிப் பேச மட்டும் வந்தது.

அன்றைக்கு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி உங்களுக்குச் சொல்கிறேன். இதயம் நம் மூடிய கை அளவுதான் இருக்குமாம். அதற்குள் இரண்டு மோட்டார். வலது பக்கத்து மோட்டார் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பிக் காற்றுப் பிடித்துவரச் செய்கிறது. இடது பக்கத்து மோட்டார் அதை உடம்பு முழுவதும் தள்ளுகிறது. தள்ளிவிடும் குழாய்தான், தம்பி, உன் புத்தகத்தில் இருக்கிற தமனி. நம் சொட்டுநீர்க் குழாய் மாதிரியே பெரியது, சிறியது, அதைவிடச் சிறியது என்று பிரிந்து, கடைசியில் தலைமுடியை விட மெல்லியதாகிவிடும். அங்கேதான் சதைக்குக் காற்றும் சத்தும் கொடுத்து, கழிவை வாங்கிக்கொள்கிறது.

இதுவரைக்கும் நான் நினைத்தது சரி. இதற்குப் பிறகுதான் தப்பு. தோட்டத்தில் சொட்டிய தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும், அது மறுபடி கிணற்றுக்கு வர வேண்டியதில்லை. உடம்பில் அப்படி இல்லை. காலுக்குப் போன ரத்தம் அத்தனையும் நெஞ்சுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு நிமிஷத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடுமாம். திரும்பி வருகிற குழாய்தான் சிரை, நாம் நரம்பு நரம்பு என்று சொல்வது. அது தோலுக்குப் பக்கத்தில் ஓடும், மெலிசாக இருக்கும், லேசாக அழுத்தினாலே அடைத்துக்கொள்ளும். தமனி உள்ளே ஆழத்தில், வலுவோடு இருக்கும். நாடாவால் கட்டினால் முதலில் எது அடைபடும்? திரும்பி வருவதுதான். வருகிற ரத்தம் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மேலே போகிற வழியைத்தான் நான் கட்டி வைத்திருக்கிறேன். கொடியில் வளையத்துக்கு மேலே தடிக்கும். காலில் வளையத்துக்குக் கீழே.

தம்பி, நீ கேட்டாயே, காலில் மோட்டாரா என்று. ஆமாம், கெண்டைக்கால் சதைதான் மோட்டார். நடக்கும்போது அது இறுகி, சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றும். வால்வு அதைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்த மோட்டார் ஓடாது. அம்மாவுக்கு வருடக்கணக்கில் ஓடவில்லை.

வால்வை நீங்களே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டால் முன்கையில் சிரை எழும். ஒரு விரலால் மணிக்கட்டுப் பக்கம் அதை அமுக்கிக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கம் வழித்துவிடுங்கள். வழித்த விரலை எடுத்தாலும் கொஞ்ச தூரம் சிரை தட்டையாகவே கிடக்கும். மேலே உள்ளது கீழே வராது. அமுக்கிய விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். டாக்டரம்மா இதை என் கையில்தான் செய்து காட்டினார். கட்டிய கை அது என்று அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸம்மா, அம்மாவின் கால்விரல் தொடங்கி முழங்கால் வரை அகலப் பட்டையைச் சுற்றினார். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. கீழே இருந்து மேலே தள்ளிவிடுவதற்காக அப்படி. "வீட்ல யாரு சுத்துவா?" என்று கேட்டார். "நான் சுத்துறேன்" என்றேன். அன்றைக்கு நான் உண்மையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அம்மா. பஸ் சின்னமனூர் தாண்டியது.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன்.

"எப்படிச் சொன்னேன்?"

"நீதான் கட்டுனதா."

"அவுகளுக்கு யாரையாச்சும் ரெண்டு திட்டுத் திட்டணும். கால்தான் என்னோடது, திட்டும் எனக்கே இருக்கட்டும்னு விட்டேன்." வெளியே பார்த்துக்கொண்டே, "உங்க மொகத்தப் பாத்தேன். சாக்குப் பையில போட்ட பூனை மாதிரி இருந்துச்சு" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளிலிருந்து அவள் படுக்கையை விட்டுக் காலைக் கீழே வைப்பதற்கு முன்னால் நான் பட்டையைச் சுற்றினேன். எழுந்து நின்றுவிட்டால் ரத்தம் இறங்கிவிடும், அதற்கு முன்பே சுற்ற வேண்டும். எனக்குக் கட்டு என்றால் இறுக்குவதுதான் பழக்கம். இந்தக் கட்டுக்கு அளவு பார்த்துப் பார்த்துச் சுற்ற வேண்டியிருந்தது. "இங்கன இறுக்கமா இருக்கா? இங்கன?" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பேன். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இம்புட்டுப் பேச்சு நீங்க எங்கிட்டப் பேசுனதில்ல" என்றாள் ஒரு நாள்.

காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் பந்தலில் நானே ஒரு சாக்கை விரித்தேன். அம்மா கூச்சப்பட்டு நின்றாள். வேலைக்கு வந்த பெண்களில் மூத்தவர், தன் காலைத் தூணிலிருந்து இறக்காமலே, "வாங்க மதினி, ஒங்களுக்குன்னு ஒரு தூணு காலியா கெடக்கு. இத்தன வருசமா வாடகை கேக்காம வச்சிருக்கோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா படுத்தாள். கட்டுப் போட்ட காலைக் கல்தூணில் தூக்கி வைத்தாள். அந்தப் பெண்களுக்குப் படம் எதுவும் தெரியாது, வால்வு தெரியாது. ஆனால் ரத்தம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்கள் கால்களுக்குத் தெரிந்திருந்தது. இருபது வருடம் அவர்களைத் தாண்டித் தாண்டி நடந்தவன் நான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி தேனிக்குப் போனோம். புண் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் வர ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா அம்மாவைப் பாராட்டினார். அம்மா உள்ளே போய்ப் பட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"டாக்டர், அன்னைக்கு அந்த நாடா, அவ கட்டல. நாந்தான் கட்டுனேன்."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்படிங்க?"

"முடிச்சுத் தடம் கால் பின்பக்கம் இருந்துச்சு. தன் காலுக்குத் தானே கட்டுறவங்க முன்பக்கம்தான் முடிச்சு போடுவாங்க. அதான் உங்க கையில செஞ்சு காட்டினேன், நல்லாப் புரியட்டும்னு." சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். "இப்ப கட்டுறதும் நீங்கதானே? அது நல்லா இருக்கு. விடாம கட்டுங்க."

புண் மூட நான்கு மாதம் ஆனது. தேய்ந்த வால்வு திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அம்மா தினமும் அந்தத் தோல்நிறக் காலுறையைப் போட்டுக்கொள்கிறாள், அதனால்தான் ஒரு வரிசை வெட்டினதும் கிணறு வரை ஒரு நடை நடந்துவிட்டு வருகிறாள். உங்களிடம் அவள் சொல்ல மாட்டாள். கேட்டால் இப்போதும் "நாந்தேன் கட்டுனேன்" என்பாள். நீங்கள் நம்பக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

புண் முழுதும் மூடின வாரம், பெரியகுளத்தில் ஒரு கல்யாணம். நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் செருப்புப் போட்டுக்கொண்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு அம்மா பஸ் ஏறினாள். நான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச நின்றுவிட்டேன். வேலைக்கு ஆள் இல்லாத நாள்.

மோட்டார் ரூமில் அந்த நாடா மாட்டின ஆணியிலேயே கிடந்தது. எடுத்தேன். படியில் உட்கார்ந்து, வேட்டியைத் தூக்கி, என் முழங்காலுக்கு நாலு விரல் கீழே மூன்று சுற்றுச் சுற்றினேன். பின்பக்கம் கை எட்டவில்லை. முன்பக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பந்தலுக்குள் போய், கொத்து வெட்டுகிற மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கி, ஒரே இடத்தில் நின்றேன். முதலில் கால் கனத்தது. பிறகு பாதம் என்னுடையது இல்லாத மாதிரி ஆனது. புறங்காலில் நரம்பெல்லாம் எழுந்தது. தோல் விண்ணென்று வலித்தது. அம்மா இப்படி நின்றது ஐந்து நாள், காலை ஏழிலிருந்து சாயங்காலம் வரை. எனக்கு அரைமணி நேரம்கூட முடியவில்லை.

கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். சூடாக ஏதோ ஒன்று மேலே ஏறிப் போனது. மல்லாந்து படுத்து, அம்மாவுடைய தூணில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வளையத் தடம் மறைகிறவரை அப்படியே கிடந்தேன்.